அப்பாவுக்காக ஒரு ஸ்மைலி அகராதி

கண்புரை அறுவை முடிந்து இரண்டாவது மாதம் அப்பா மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எக்ஸ்சேஞ்சில் இரவுப் பணி பார்த்த வருடங்களில் துப்பறியும் நாவல்களும் உளவு நாவல்களும்தான் அவருக்குத் துணை. இந்த முறை எடுத்தது ஜான் லெ காரேயின் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை'. மூன்றாம் நாள் சாயங்காலம் புத்தகத்தில் விரலைச் செருகியபடியே சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, இந்த டோபிங்கிறவன் யாரு? இதுக்கு முன்னாடி எங்கேயாவது வந்தானா?"

சொன்னேன். மறுநாள் கானி யார் என்றார். அதற்கு மறுநாள் 'லாம்ப்லைட்டர்ஸ்' என்றால் என்ன என்றார். வார முடிவில், "நீ எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக் கொடுத்துடேன்" என்றார். நான் டி.டி.பி. வேலை செய்கிறவள். பிறர் எழுதியதைப் பக்கம் கட்டி அச்சுக்கு அனுப்புவதுதான் பிழைப்பு. சொந்தமாக ஒரு புத்தகம் கட்டலாம் என்ற ஆசை அந்த வார்த்தையில்தான் பிடித்துக்கொண்டது.

ஜார்ஜ் ஸ்மைலி என்ற பிரிட்டிஷ் உளவு அதிகாரி வரும்படி லெ காரே எழுதிய நாவல்கள் ஒன்பது. 1961-இல் 'கால் ஃபார் த டெட்', 1962-இல் 'எ மர்டர் ஆஃப் குவாலிட்டி', 1963-இல் 'த ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்', 1965-இல் 'த லுக்கிங் கிளாஸ் வார்', 1974-இல் 'டிங்கர் டெய்லர்', 1977-இல் 'தி ஆனரபிள் ஸ்கூல்பாய்', 1979-இல் 'ஸ்மைலிஸ் பீப்பிள்', 1990-இல் 'த சீக்ரெட் பில்கிரிம்', 2017-இல் 'எ லெகசி ஆஃப் ஸ்பைஸ்'. முதல் நாவலுக்கும் கடைசி நாவலுக்கும் நடுவே 56 வருடம். ஒரு நாவலில் வாசல் வழியாக எட்டிப் பார்த்தவர் மூன்று நாவல் தள்ளி நடுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பார். லெ காரே யாரையும் அறிமுகப்படுத்தி வைக்க மாட்டார். வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்தவன் முதல் நாள் அலுவலகத்தில் நிற்பதுபோல நாமும் நின்று, காதில் விழுவதை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த அனுபவம்தான் இந்த நாவல்களின் ருசி. கைத்துணை நூல் எழுதுகிறவர் அந்த ருசியைக் கெடுக்காமல் உதவ வேண்டும். எனக்கு இது முதலில் புரியவில்லை.

உளவு நாவல்களுக்கு இப்படித் துணைநூல் எழுதுவது பழைய வழக்கம். ஜேம்ஸ் பாண்ட் நாவல்களைப் பற்றி கிங்ஸ்லி ஏமிஸ் 1965-இலேயே 'த ஜேம்ஸ் பாண்ட் டோசியர்' எழுதினார். 1984-இல் ரேமண்ட் பென்சனின் 'பெட்சைட் கம்பேனியன்' வந்தது. 2006-இல் ஜான் கிரிஸ்வால்ட், பாண்ட் கதைகளின் காலவரிசைக்கும் விளக்கக் குறிப்புகளுக்குமாகவே ஒரு தனி நூல் போட்டார். லென் டெய்ட்டனுக்கு எட்வர்ட் மில்வர்ட்-ஆலிவர் 1987-இல் ஒன்று செய்தார். ஸ்மைலிக்கு டேவிட் மோனகன் எழுதிய 'ஸ்மைலிஸ் சர்க்கஸ்' இருக்கிறது. ஆனால் அது வெளிவந்தது 1986-இல். அதற்குப் பிறகு இரண்டு நாவல்கள் வந்துவிட்டன. இன்னொரு விஷயமும் உண்டு. இந்த வகை நூல்கள் எல்லா நாவலையும் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறவருக்கு நன்றாக உதவும். அப்பா பாதி வழியில் இருந்தார்.

ஐந்துக்கு மூன்று அங்குல அட்டைகள் நானூறு வெட்டிக்கொண்டேன். அச்சகத்தில் கழிவாக விழும் ஆர்ட் போர்டு ஓரங்கள் இதற்கென்றே செய்ததுபோல இருந்தன. ஓர் அட்டைக்கு ஒரு பெயர். மேலே பெயர், அதன் கீழே முதலில் வரும் இடம், பிறகு எந்தப் பிரிவில் வேலை, யாருக்கு யார் உறவு.

முதல் நாளே ஒரு தவறு செய்தேன். வரும் இடத்தைப் பக்க எண்ணாகக் குறித்தேன். என்னிடம் இருந்த பதிப்பு வேறு, அப்பா கையில் இருந்தது வேறு. பதினைந்து பக்கம் வரை வித்தியாசம் வந்தது. எழுபது அட்டைகளில் எண்ணை அடித்துவிட்டு அத்தியாய எண்ணாக மாற்றினேன். 'டிங்கர் டெய்லர்' மூன்று பாகங்களில் 38 அத்தியாயம். எந்தப் பதிப்பிலும் அது மாறாது. துணைநூல் செய்ய நினைப்பவர்கள் முதல் அட்டையிலிருந்தே அத்தியாய எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அகர வரிசை. ஆங்கிலத்தில் குடும்பப் பெயரை முன்னால் போட்டு அடுக்கிவிடுவார்கள். அப்பா அப்படித் தேட மாட்டார். நாவல் ஒருவரை எந்தப் பெயரால் மூச்சுக்கு மூச்சு அழைக்கிறதோ அதைத்தான் தேடுவார். ஸ்மைலியை ஸ்மைலி என்றும், கானி சாக்ஸைக் கானி என்றும், ஸ்மைலியின் மனைவியை ஆன் என்றும். ஆகவே நாவல் அழைக்கும் பெயரே தலைச்சொல் என்று வைத்தேன். மாற்றுப் பெயர்களுக்கு 'இதைப் பார்க்க' என்று தனி வரி. 'டிங்கர் டெய்லர்' நாவலில் ஸ்மைலி சசெக்ஸ் கார்டன்ஸில் உள்ள விடுதியில் தங்குவது பாரக்ளஃப் என்ற பெயரில். அந்தப் பெயரைத் தேடி வருகிறவரும் ஸ்மைலியிடம் வந்து சேர வேண்டும்.

தமிழ் எழுத்தில் அடுக்கியபோது இன்னொன்று நடந்தது. ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகளில் பிரிந்து கிடந்த கன்ட்ரோல், கார்லா, கானி, கில்லம் நால்வரும் ஒரே ககரத்தில் வந்து குவிந்தார்கள். கதாநாயகன் ஸகரத்தில், புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விட்டார். அட்டைகளை விரிதாளில் ஏற்றி வரிசைப்படுத்தச் சொன்னால் கணினி வேறு கணக்குப் போட்டது. அது எழுத்துகளின் குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கியது. அந்த எண் வரிசையில் ஆய்த எழுத்து அகரத்துக்கும் முன்னால் இருக்கிறது. ஃபீட்லர், ஃபென்னன், ஃப்ரே எல்லாரும் முதல் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். னகரம் ரகரத்துக்கு முன்னால் வருவதால் கானி, கார்லாவை முந்திவிட்டார். நம் அகராதி முறைப்படி ரகரம் முன்னே, னகரம் கடைசி. கார்லாதான் முதலில் வர வேண்டும். ஜகரமோ சகரத்தை ஒட்டி நடுவில் நின்றது.

இதைச் சரிசெய்ய விரிதாளில் பக்கத்திலேயே இன்னொரு நெடுவரிசை போட்டேன். ஒவ்வொரு எழுத்துக்கும் அகராதி வரிசைப்படி ஓர் இரட்டை இலக்க எண் கொடுத்து, அந்த எண் சரத்தைக் கொண்டு அடுக்கினேன். ஃபகரத்தை என்ன செய்வது என்று அப்பாவிடம் கேட்டேன். "ஃபீட்லரை நான் பாவன்னாவுலதான் தேடுவேன்" என்றார். இலக்கணம் என்ன சொன்னாலும் தேடுகிற கை அங்கேதான் போகிறது. ஆய்தத்தைக் கணக்கில் எடுக்காமல் பகரத்திலேயே சேர்த்துவிட்டேன்.

முதல் பிரதி 96 பக்கம். 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ, ஏ5 அளவு, முதுகில் பசை போட்டுக் கட்டியது. அட்டைக்கு சாம்பல் நிறம். அப்பா அதைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். அந்த வாரம் முழுக்க நாவல் ஒரு கையில், என் புத்தகம் மறு கையில்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அது நடந்தது. 'டிங்கர் டெய்லர்' கதையின் மையம் ஒரே ஒரு கேள்வி. சர்க்கஸ் என்று அழைக்கப்படும் உளவு அமைப்பின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவர் மாஸ்கோவுக்கு வேலை செய்கிறார், அவர் யார்? பழைய தலைவர் கன்ட்ரோல், சந்தேகத்துக்குரிய ஐவருக்கும் குழந்தைகள் பாட்டிலிருந்து குறிப்பெயர் வைக்கிறார். பெர்சி ஆலலைன் டிங்கர், பில் ஹேடன் டெய்லர், ராய் பிளாண்ட் சோல்ஜர், டோபி எஸ்டர்ஹேஸ் புவர்மேன், ஸ்மைலியே பெக்கர்மேன். பாட்டில் வரும் 'செய்லர்' என்ற சொல் 'டெய்லர்' போலவே ஒலிப்பதால் அதை விட்டுவிட்டார்கள். நம் ஊரில் 'இங்கி பிங்கி பாங்கி' சொல்லி ஆள் பிரிப்பதுபோல எண்ணிப் பிரிக்கிற பாட்டுதான் அது. அப்பா அந்த ஐந்து பெயர்களில் ஒன்றை, எந்தப் பள்ளியில் படித்தவன் என்று பார்ப்பதற்காக, என் புத்தகத்தில் தேடியிருக்கிறார். என் பதிவின் மூன்றாவது வரியில் விடை இருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு புத்தகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார். காலையில் நானாகக் கேட்டபோதுதான் சொன்னார். இருபதாம் அத்தியாயத்தைக்கூட அவர் தாண்டியிருக்கவில்லை. இன்னும் பாதி நாவல் பாக்கி. ஸ்மைலி ராத்திரி ராத்திரியாகக் கோப்புகளைப் புரட்டித் தேடிய ஒன்றை நான் மூன்று வரியில் கொடுத்துவிட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஒரு மனிதர் ஒரு நாவலை முதல் முறையாக ஒருமுறைதான் படிக்க முடியும்.

அந்த 96 பக்கப் பிரதியைப் பிரித்துப் போட்டேன். அட்டைகளை மறுபடி தரையில் பரப்பினேன்.

ஒரே நூலாக இருக்கக் கூடாது என்பது முதலில் தெளிவானது. ஒன்பது நாவலுக்கு ஒன்பது சிற்றேடு. மூன்றாம் ஏடு, மூன்றாம் நாவல் வரைக்கும் என்ன தெரியுமோ அதை மட்டும் அறிந்திருக்கும். பின்னால் வருவது எதுவும் அதற்குத் தெரியாது. உதாரணமாக ஹான்ஸ்-டீட்டர் மண்ட் முதல் நாவலிலும் வருகிறான், மூன்றாவதிலும் வருகிறான். முதல் ஏட்டில் அவனுக்கு நான்கு வரி. மூன்றாம் ஏட்டில் அதே நான்கு வரி, அதற்குக் கீழே கூடுதலாக இரண்டு. ஒவ்வொரு ஏட்டின் அட்டையிலும் 'இதற்கு முந்தைய நாவலை முடித்தபின் திறக்கவும்' என்று பெரிய எழுத்தில் போட்டேன்.

எந்த வரிசையில் படிப்பது என்ற கேள்விக்கு வெளிவந்த வருட வரிசையையே எடுத்துக்கொண்டேன். கதை நடக்கும் கால வரிசையில் அடுக்க முயன்றால் சிக்கல் வருகிறது. 2017 நாவலில் ஓய்வுபெற்று பிரிட்டனியில் இருக்கும் பீட்டர் கில்லமை லண்டனுக்கு வரவழைத்து, 1963 நாவலின் சம்பவங்களுக்குக் கணக்குக் கேட்கிறார்கள். கதையின் பெரும்பகுதி பழைய காலத்துக்குள்ளேயே நடக்கிறது. அதைக் கொண்டுபோய் முன்னால் வைத்தால் மூன்றாம் நாவல் பாழாகிவிடும்.

ஒரு நாவலுக்குள்ளேயே இருக்கும் ரகசியத்தை என்ன செய்வது? ஏட்டின் கடைசித் தாள்களில் 'முடித்தபின்' என்று ஒரு பகுதி வைத்து மூடி ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். முதலில் பசை தடவினேன். பிரிக்கும்போது தாள் கிழிந்து எழுத்தோடு வந்தது. பிறகு ஸ்டேப்ளர் பின் அடித்தேன். அது பிழையில்லை, ஆனால் பின்னைக் கழற்றுவது அப்பாவின் விரல்களுக்குச் சிரமமாக இருந்தது. பெயின்டர்கள் ஓரம் ஒட்டும் மாஸ்கிங் டேப் சரியாக வந்தது. பிடிமானம் இருக்கிறது, இழுத்தால் தாளைச் சேதம் செய்யாமல் வருகிறது.

ஒட்டி முடித்த பிறகுதான் இன்னொரு ஓட்டை கண்ணில் பட்டது. ஐந்து சந்தேகப் பெயர்களில் ஒருவருக்கு மட்டும் 'தொடர்ச்சி மூடிய பகுதியில்' என்று போட்டிருந்தேன். அந்த ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிடும். ஆக, ஐவருக்கும் அந்த வரியைப் போட்டேன். மூடிய பகுதியில் ஐவருக்கும் பதிவு எழுதினேன். திறந்த பகுதியில் ஐவருடைய பதிவும் சரியாக ஏழு வரி வரும்படி வெட்டியும் நீட்டியும் சமன் செய்தேன். ஒருவருக்குப் பதினைந்து வரியும் மற்றவருக்கு மூன்று வரியும் இருந்தால் வாசிப்பவருக்கு வாசனை தட்டிவிடும். அதேபோல, ஒருவர் இறந்துபோனால் அடுத்த ஏட்டில் அவர் பெயரை எடுத்துவிடக் கூடாது. பெயர் இல்லாமலிருப்பதே செய்தியாகிவிடும். உயிரோடு இருப்பவரும் இல்லாதவரும் எல்லா ஏட்டிலும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இதை எழுதும்போதுதான் இந்த நாவல்களை நான் உண்மையில் வாசிக்க ஆரம்பித்தேன் என்று தோன்றுகிறது. இதில் வரும் தகவல் எதுவும் வெறும் தகவலல்ல. யாரோ ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது. மெர்லின் என்ற மாஸ்கோ மூலத்தைப் பற்றி ஆலலைன் ஒன்று சொல்கிறார். கன்ட்ரோல் அதை நம்பவில்லை. என் பழைய பதிவில் 'மெர்லின்: மாஸ்கோவில் உள்ள உயர்மட்டத் தகவல் தருபவர்' என்று எழுதியிருந்தேன். அது ஆலலைனின் கூற்றை என் கூற்றாக எழுதிய பிழை. ஒவ்வொரு பதிவிலும் 'சொன்னவர்' என்று ஒரு பத்தி சேர்த்தேன். எதை யார், எந்த அத்தியாயத்தில், யாரிடம் சொன்னார் என்று அதில் வரும். அட்டைகளில் பாதிக்கு மேல் திரும்ப எழுத வேண்டியிருந்தது. மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின.

அப்பா அந்தப் பத்தியைப் பார்த்துவிட்டு ஒற்றாடல் அதிகாரத்தின் ஒன்பதாவது குறளைச் சொன்னார். ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றர்களின் சொல் ஒத்துவந்தால் அதை நம்பலாம், 'சொற்றொக்க தேறப் படும்'. அதிலிருந்து, இரண்டு மூன்று பேர் சொல்வது ஒத்துப்போகிற இடங்களில் அவர் பென்சிலால் 'தொக்கது' என்று குறித்துவைக்க ஆரம்பித்தார்.

ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. எல்லாவற்றிலும் பெரியது ஸ்மைலியின் வயது. முதல் நாவலின் முதல் அத்தியாயமே அவருடைய சுருக்கமான வரலாறு. 1928 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டில் அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்போது இருபத்திரண்டு வயது என்று வைத்தாலும் பிறந்தது 1906 வாக்கில் ஆகிவிடும். அந்தக் கணக்குப்படி 2017-இல் 111 வயது. எழுபதுகளில் அவரைத் திரும்பக் கொண்டுவந்தபோது லெ காரே அந்த வருடத்தை ஏறக்குறையப் பத்து வருடம் தள்ளிவைத்து அவரை இளையவராக்கிவிட்டார். துணைநூல் செய்கிறவருக்கு இங்கே ஒரு சபலம் வரும். நடுவில் ஏதோ ஒரு வருடத்தைப் போட்டு இரண்டையும் சேர்த்துவைக்கத் தோன்றும். நான் அதைச் செய்யவில்லை. முதல் ஏட்டில் 1928 என்றே இருக்கிறது. ஐந்தாம் ஏட்டில், 'முதல் ஏட்டின் வருடத்தோடு இது ஒத்துவராது. நீங்கள் தவறாகப் படிக்கவில்லை' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. தான் எங்கேயோ கோட்டைவிட்டோம் என்று வாசகர் பத்துப் பக்கம் திரும்பிப்போய்த் தேடக் கூடாது. அதற்குத்தான் அந்த வரி.

கலைச்சொல் பகுதியை இருவரும் சேர்ந்து செய்தோம். சர்க்கஸுக்குள் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு செல்லப் பெயர். லாம்ப்லைட்டர்ஸ் என்பவர்கள் கண்காணிப்பு, ஒட்டுக்கேட்பு, மறைவிட வீடுகள், வண்டி வாகனம் எல்லாம் பார்ப்பவர்கள். ஸ்கால்ப்ஹன்ட்டர்ஸ் பிரிக்ஸ்டனில் தனியாக ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள். ஆள் கடத்தல், மிரட்டல் போன்ற முரட்டு வேலைகளுக்கு. ஷூமேக்கர்ஸ் போலி பாஸ்போர்ட் செய்பவர்கள். ராங்லர்ஸ் ரேடியோ சமிக்ஞைகளை ஆராய்ந்து சங்கேதம் உடைப்பவர்கள். மதர்ஸ் என்றால் மேலதிகாரிகளின் மூத்த செயலாளப் பெண்கள். பேபிசிட்டர்ஸ் மெய்க்காவலர்கள். கசின்ஸ் என்றால் அமெரிக்க சி.ஐ.ஏ. சர்க்கஸின் பயிற்சிப் பள்ளி சாரட் என்ற ஊரில் இருக்கிறது, அதற்குப் பெயர் நர்சரி.

இவற்றைத் தமிழாக்கலாமா என்று ஒரு மத்தியானம் முழுக்க விவாதம். 'விளக்கேற்றிகள்' என்று நான் எழுதிவைத்திருந்தேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க ஆபீஸ்ல லைன்மேனை லைன்மேன்னுதான் சொன்னோம். கம்பியாள்னு சொன்னா யாருக்குப் புரியும்? துறைக்குள்ள பேசுற பேச்சு அப்படியே இருக்கட்டும். கீழே அர்த்தம் போடு." அவர் சொன்னதுதான் சரி. இந்தச் சொற்கள் வாசகருக்கும் கொஞ்சம் அந்நியமாக ஒலிக்க வேண்டும். அவற்றுள் பலவும் லெ காரே தாமே உண்டாக்கியவை. 'மோல்' என்ற சொல் மட்டும் மிகப் பழையது. உள்ளே ஊடுருவியிருக்கும் ஒற்றரைக் குறிக்க பிரான்சிஸ் பேக்கன் 1622-லேயே, ஏழாம் ஹென்றியின் வரலாற்றில், அதைப் பயன்படுத்தியிருக்கிறார். அது ஊரறிந்த சொல்லானது 'டிங்கர் டெய்லர்' நாவலுக்குப் பிறகுதான்.

முழுக்க அப்பாவே எழுதிய பதிவு ஒன்று உண்டு. முதல் ஏட்டில், 'எக்ஸ்சேஞ்ச் அழைப்பு'. அந்த நாவலில் வெளியுறவுத் துறை அதிகாரி சாமுவேல் ஃபென்னன் தற்கொலை செய்துகொண்டதாகச் சொல்கிறார்கள். மறுநாள் காலை ஸ்மைலி அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, எட்டரை மணிக்குத் தொலைபேசி அடிக்கிறது. தன் அலுவலகம்தான் கூப்பிடுகிறது என்று நினைத்து எடுக்கிறார். மறுமுனையில் எக்ஸ்சேஞ்ச், எட்டரைக்கு எழுப்பச் சொன்னீர்களே என்கிறது. சாகப் போகிறவர் காலையில் எழுப்பச் சொல்லுவாரா? கதை முழுவதும் அந்த மணியோசையிலிருந்து கிளம்புகிறது. இன்று வாசிக்கும் பிள்ளைகளுக்கு இது புரியாது. எழுப்புவதற்கு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அப்பா எழுதியது இது: 'முதல் நாள் ராத்திரியே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். எண்ணையும் நேரத்தையும் சீட்டில் குறித்து நேர வரிசையில் செருகி வைப்போம். டியூட்டி மாறும்போது அந்தச் சீட்டுகளையும் அடுத்தவர் கையில் ஒப்படைப்போம். சொன்ன நேரத்துக்கு மணி அடிக்க வேண்டும், மனிதக் குரல் கேட்கிற வரைக்கும் அடிக்க வேண்டும். ரயிலுக்குப் போகிறவர், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, விடிகாலை முகூர்த்தம் வைத்திருப்பவர் எல்லாரும் சொல்லுவார்கள். காலையில் எழ வேண்டிய காரணம் இருப்பவர்தான் சொல்லுவார்.'

அந்தக் கடைசி வரியை நான் தொடவில்லை. எந்தத் துணைநூலிலும் அந்த நாவலைப் பற்றி அதைவிட நெருக்கமான வரி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வரைபடத்துக்கு ஒரே ஒரு பக்கம்தான் ஒதுக்கினேன். சேரிங் கிராஸ் ரோடும் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவும் சந்திக்கும் கேம்பிரிட்ஜ் சர்க்கஸில் நாவலின் தலைமையகம், அதனால்தான் சர்க்கஸ் என்ற பெயர். கிங்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் பைவாட்டர் தெருவில் ஸ்மைலியின் வீடு. பிரிட்டனின் உண்மையான வெளிநாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.6 அங்கே இருந்ததில்லை. 1964 வரை பிராட்வேயிலும் அதன்பின் லாம்பெத்தில் உள்ள செஞ்சுரி ஹவுஸிலும் இருந்தது. அவை இரண்டையும் விட்டுவிட்டு வரும் கோட்டில் காட்டினேன்.

ஏடுகளின் பக்கம் நான்கின் மடங்காக வர வேண்டும், சென்டர் பின் அடிப்பதற்கு. ஸ்மைலி வேலையை விட்டபின் ஒரு பள்ளிக்கூடக் கொலையைத் துப்பறியும் இரண்டாம் நாவலுக்கு 8 பக்கம் போதும். 'த லுக்கிங் கிளாஸ் வார்' 12. ஹாங்காங்கிலும் இந்தோசீனாவிலும் அலையும் 'தி ஆனரபிள் ஸ்கூல்பாய்' 32 பக்கம் கேட்டது. இடப் பெயர்களே ஐந்து பக்கம். அந்தத் தடிமனுக்கு மடிக்கும் முன் அட்டையில் கிரீசிங், அதாவது மடிப்புக் கோடு அழுத்தி, போடாவிட்டால் முதுகு வெடிக்கும். இரண்டு பிரதி வெடித்த பிறகு அதையும் கற்றுக்கொண்டேன். நடுத் தாள்கள் வெளியே பிதுங்கும், அதனால் கட்டிங் மெஷினில் கடைசியாக முகப்பு ஓரத்தை ஒரு நூல் அளவு வெட்ட வேண்டும். 'த சீக்ரெட் பில்கிரிம்' நாவலுக்கான எட்டாம் ஏடு எல்லைப் பிரச்சினையில் நிற்கிறது. அந்த நாவலைச் சொல்லும் நெட், 1989-இல் வந்த 'த ரஷ்யா ஹவுஸ்' நாவலிலும் வருகிறார். அதில் ஸ்மைலி இல்லை. நெட்டுக்காக அதையும் சேர்ப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. சேர்க்கவே மனம் சாய்கிறது.

மனிதர்களுக்கு மட்டுமல்லாமல் ஒரு பொருளுக்கும் பதிவு எழுதினேன், ஒரு சிகரெட் லைட்டருக்கு. அது ஆன் ஸ்மைலிக்குக் கொடுத்தது, அன்போடு பெயர் பொறித்தது. ஐம்பதுகளின் நடுவில் டெல்லிச் சிறையில், கெர்ஸ்ட்மன் என்ற பெயரில் பிடிபட்டிருந்த ஒரு ரஷ்யரை ஸ்மைலி சந்திக்கிறார். மேற்குக்கு வந்துவிடுங்கள் என்று பேசிப் பார்க்கிறார். அவர் வாயே திறக்கவில்லை. போகும்போது லைட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார். அவர்தான் கார்லா, பின்னாளில் மாஸ்கோ உளவுத் துறையில் ஸ்மைலியின் பரம எதிரி. வெக்கையில் சட்டை ஒட்டிக்கொள்ள ஸ்மைலி பேசிக்கொண்டே இருக்கும் அந்த இடத்தை அப்பா இரண்டு தரம் படித்தார். ஐந்தாம் ஏட்டில் லைட்டருக்கு ஒன்பது வரி. ஆறாம் ஏட்டிலும் அதே ஒன்பது. ஏழாம் ஏட்டில் 'தொடர்ச்சி மூடிய பகுதியில்' என்று இருக்கிறது.

அப்பா இப்போது 'ஸ்மைலிஸ் பீப்பிள்' நாவலில் இருக்கிறார். நேற்று ராத்திரி பார்த்தேன், இன்னும் நாற்பது பக்கம் போல பாக்கி. ஏடு நாவலுக்கு அடியில் இருந்தது. மாஸ்கிங் டேப்பின் ஒரு முனை லேசாகக் கிளம்பியிருந்தது. அதை யாரோ கட்டைவிரலால் அழுத்தித் திரும்ப ஒட்டியிருந்தார்கள்.